ஆலந்தூர் மக்கள் முன்கூட்டியே கட்டிய 5,000 ரூபாய்

"நம்ம ஜனங்க வரி கட்ட மாட்டாங்க, அதனாலதான் நம்ம ஊர்ல எதுவும் நடக்கிறதில்ல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆலந்தூரில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

1996-ல் ஆர்.எஸ்.பாரதி ஆலந்தூர் நகராட்சித் தலைவராகிறார். சென்னையை ஒட்டிய ஊர், ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். நகராட்சியிடமோ அவ்வளவு பணம் இல்லை. தலைவரும் கவுன்சிலர்களும் குடியிருப்போர் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். இணைப்புக்கு முன்பணம் 5,000 ரூபாய், அப்புறம் மாதக் கட்டணம். குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. அந்தக் காலத்து 5,000! மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் தனியார் முதலீடும் சேர்ந்தது. வேலை முடிந்தது.

ஏன் கொடுத்தார்கள்? கேட்டவர் உள்ளூர்க்காரர். வேலை நடக்காவிட்டால் மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பணம் வாங்கியவரும் வேலைக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள். நகர நிர்வாகத்தில் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் எதுவுமில்லை.

இந்த ஒன்றைத்தான் நாம் கைவிட்டோம். 2011-ல் ஆலந்தூர் உள்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. பரப்பு பெருகியது சரி. ஆனால் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்தக் காலத்திலும் வரி வசூலானது, டெண்டர் போனது. ஏன் என்று கேட்க ஆளில்லை.

இப்போது மேயர் இருக்கிறார், 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது? 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல். சென்னையில் அது மாநில அரசின் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) இருக்கிறது, அதன் தலைவர் மாநில அமைச்சர். தண்ணீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியம். பேருந்து மாநில அரசின் நிறுவனம். சியோலில் 1995 முதல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004-ல் அந்த நகர அரசு ஒட்டுமொத்தப் பேருந்து அமைப்பையும் மாற்றியது. நம் மேயர் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குக் கூடுதலாக ஒரு வண்டி விட உத்தரவு போட முடியாது.

எங்கள் தெருவில் புது ரோடு போட்டார்கள். தார் காய்வதற்குள் ஒரு துறை வந்து குழாய்க்குத் தோண்டியது. அது மூடிய பள்ளத்தை இன்னொரு துறை கேபிளுக்குத் திறந்தது. மேலே மேலே ஒட்டுப்போட்டதில் ரோடு உயர்ந்து, பக்கத்து வீட்டு வாசல்படி இரண்டு மண்ணுக்குள் போய்விட்டது. கவுன்சிலரிடம் கேட்டால், "அது நம்ம கையில இல்ல சார்" என்கிறார். அவர் சொல்வது உண்மை, அதுதான் வேதனை.

வரியையும் பேசியாக வேண்டும். பழைய சென்னைப் பகுதியில் 1998-க்குப் பிறகு சொத்து வரி சீரமைக்கப்படவில்லை. 2018-ல் உயர்த்தியதை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022-ல் ஒரே அடியாக 50 முதல் 150 சதவீதம். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். அதை முடிவு செய்வது மன்றமாக இருக்கட்டும். எங்கள் வார்டில் எவ்வளவு வசூல், அதில் எவ்வளவு எங்கள் வார்டுக்கே செலவானது என்ற கணக்கு வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். 2025-ல் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, நல்ல விஷயம். பத்திரம் வாங்கியவருக்குக் காட்டும் கணக்கை வரி கட்டுகிறவருக்கும் காட்ட வேண்டும்.

2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள், கூடத் தொடங்கின. நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026 வரைதான். அடுத்தது 2046 வரைக்கானது. அந்த வரைவை வார்டு வாரியாகப் பிரித்து, எந்தத் தெருவில் என்ன வருகிறது, யார் செய்வார்கள், பணம் எங்கிருந்து என்ற மூன்றையும் தமிழில் எழுதி ஒவ்வொரு பகுதி சபையிலும் வையுங்கள். ஒப்புதல் தருவதற்கு முன்பே வையுங்கள். 5,000 ரூபாயை முன்கூட்டியே கட்டிய ஊர்க்காரர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள்.