பாலிஷ் போட்டுக் கெடுக்காதீர்கள்

ஹிக்கரி என்ற கெட்டி மரத்தில் தண்டு செய்த பழைய கோல்ஃப் மட்டைகளைப் பளபளவென்று தேய்த்து வைத்தால் நல்ல விலை போகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அங்கேதான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். இரும்புத் தலையைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தால் செய்தவரின் முத்திரை மழுங்கிவிடும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இரும்பைக் காய்ச்சி மட்டைத் தலைகள் அடித்துச் செய்த டாம் ஸ்டூவர்ட்டின் முத்திரை, புகை பிடிக்கும் பைப் வடிவில் பொடிசாக இருக்கும். வாங்குகிறவர் முதலில் தேடுவதே அதைத்தான். மெல்லிய எஃகுக் கம்பளியும் கொஞ்சம் எண்ணெயும் போதும். கருத்த நிறம் அப்படியே இருக்கட்டும். தண்டு வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெய். மரத்தலை மட்டையின் கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்திருந்தால் மெழுகு தேய்த்த லினன் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள், நைலான் வேண்டாம்.

அப்புறம் விலை. நூறு வருஷப் பழசு என்பதற்காக யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. எஃகுத் தண்டை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பு அனுமதித்ததே 1929இல்தான். அதற்கு முந்தைய இருபது முப்பது வருஷங்களில் மரத்தண்டு மட்டைகள் ஏராளமாகத் தயாராகின. தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி ஒட்டிய, நீள மூக்குபோல் தலை நீண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டை கிடைத்தால் அது வேறு கதை. அதை நீங்களே தொடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும். 1930களில் மர நிறத்தில் உறை போட்ட எஃகுத் தண்டுகளும் வந்தன, பார்த்தால் ஏமாந்துவிடுவோம். காந்தம் ஒட்டினால் அது மரமல்ல.