ஒரு மடக்கு எத்தனை மில்லி?

பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் பதினோரு வருஷமாக பார்மசிஸ்டாக நிற்கிறேன். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாயில் ஒரே வசனம்தான்: "அண்ணாச்சி, இருமலுக்கு ஒரு மருந்து தாங்க." குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி ஆடியிலும் இதே கதை. அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு மறுநாள் தடுமத்தோடு வந்து நிற்பார்கள். யாருக்கு, எத்தனை நாளாக, சளி வருதா, வறட்டு இருமலா என்று நான் கேட்க ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவர், "வேய், சீக்கிரம் விடும், பஸ்ஸு போயிரும்" என்பார். நானும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அப்படித்தான் என் அம்மாவுக்கும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று பாட்டில்.

அம்மா முக்கூடலில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறாள். தூள் நெடியில் இருமுவதை எங்கள் தெருவில் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. மடியில் தட்டை வைத்து, வெட்டிய இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, நடுவில் ரெண்டு இருமல். அதுவும் வேலையில் சேர்த்திதான். அதனால் போன வருஷம் அவள் இருமல் மாறிப்போனது யாருக்கும் உறைக்கவில்லை. பொட்டுச் சளி இல்லை. ராத்திரி படுத்தால் கூடும். "தொண்டைக்குள்ள முடி சிக்குன மாதிரி அரிக்கி. எய்யா, அந்த செவப்பு மருந்து ஒண்ணு கொண்டா" என்றாள். கொண்டு போனேன். போகப்போக இருமலோடு தூக்கமும் சேர்ந்துகொண்டது. தட்டை மடியில் வைத்தபடியே சாய்ந்துவிடுகிறாள், நாக்கு வறண்டுபோகிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது தலை சுற்றிச் சுவரில் மோதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஜன்னல் திண்டில் பாட்டில் இருந்தது. கழுத்தெல்லாம் பாகு காய்ந்து, எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. அளவு மூடியைக் காணோம்.

"மூடி எங்கம்மா?"

"அது என்னத்துக்கு? ஒரு மடக்கு குடிச்சா சோலி முடிஞ்சது."

சொம்பில் தண்ணீர் கொடுத்து, "அதே மாதிரி ஒரு மடக்கு வாயில வை, விழுங்காத" என்று சொல்லி, என் பையிலிருந்த அளவு மூடியில் துப்பச் சொன்னேன். கோட்டிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாலும் துப்பினாள். பத்து மில்லி மூடி ரெண்டு தடவை நிறைந்து, மிச்சமும் இருந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்த சிரப்பில் 5 மில்லிக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் 10 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 2, ஃபினைலெஃப்ரின் 5. முதலாவது மூளையில் இருமலைத் தூண்டுகிற இடத்தை அமர்த்துவது. இரண்டாவது மூக்கொழுகலுக்கு, தூக்கமும் வாய் வறட்சியும் அதன் கைங்கரியம். மூன்றாவது மூக்கடைப்புக்கு, ரத்தக் குழாயைச் சுருக்கும். ஒரு மடக்கு 20 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் நாலு மடக்கு குடித்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் 160 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 120. குளோர்பெனிரமின் 32, உச்சம் 24. பிரஷர் உள்ள மனுஷிக்கு ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து வேறு. இதையெல்லாம் பையில் போட்டு, ரெண்டு பஸ் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிரஷருக்கு என்ன மாத்திரை போடுதீங்க?" எனாலாப்ரில். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நாலைந்து மாதத்துக்கு முன்புதான் அம்மாவுக்கு அதற்கு மாற்றியிருந்தார்கள். டிப்ளமோ படிக்கும்போது பரீட்சையில் நானே எழுதிய பதில் இது. லோசார்டான் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் இருமல் நின்றது. (இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மாற்றித் தரட்டும்.)

இருமலுக்கு மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது என்பதுதான் என் கட்சி. எதனால் வருகிற இருமல் என்று தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. நெஞ்சில் சளி இருந்தால் இருமித்தான் அது வெளியே வரவேண்டும். அதைப் போய் அமுக்கினால் கோழை உள்ளேயே தங்கும். வீசிங் உள்ளவருக்கு அமுக்குவது ஆபத்து. இதில் பெரிய கூத்து, சளியை இளக்குகிற மருந்தையும் இருமலை அமுக்குகிற மருந்தையும் ஒரே பாட்டிலில் ஊற்றி விற்றது. ஒருத்தன் வாசலைத் திறக்க, இன்னொருத்தன் பூட்ட. 2023 ஜூனில் மத்திய அரசு 14 கலவை மருந்துகளைத் தடை செய்ததே, அதில் சளியை இளக்குகிற புரோம்ஹெக்ஸினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் சேர்ந்த கலவையும் ஒன்று.

அந்த புரோம்ஹெக்ஸின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற சத்தைப் பார்த்துச் செய்தது. நம்ம ஊர் வேலியோரத்தில் ஆடுகூடத் தொடாத செடி. அதற்காக "அப்ப கஷாயமே போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி தொண்டைக்கு இதம், நானும் குடிக்கிறேன். தேனும் நல்லதுதான், ஆனால் ஒரு வயது முடியாத பிள்ளைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் பெருகி நரம்பை முடக்கிவிடும்.

பிள்ளைகள் பேச்சு வந்ததால் 2025 அக்டோபரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து போய்ச் சேர்ந்தன. குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது; அந்த பேட்ச்சில் இருந்தது 48.6. இதே விஷம் 1970-களின் தொடக்கத்திலேயே சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோனது. அம்பது வருஷம் கழித்தும் அதே கதை என்றால் கண்காணிக்க வேண்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த வாரம் கடையில் நான் பார்த்தது வேறு. எல்லாரும் வீட்டிலிருந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து "இதுவா, இதுவா" என்று கேட்டார்கள். "பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம் அக்கா, 2 வயசுக்குக் கீழ கூடவே கூடாது, 5 வயசு வரைக்கும் தேவையில்லைன்னு அரசாங்கமே சொல்லியிருக்கு" என்றேன். ஒரு அக்கா யோசித்துவிட்டுக் கேட்டது: "அப்ப பெரியாளு மருந்தையே பாதியாக் குடுத்துருவமா?" எனக்குத் தலை சுற்றிவிட்டது. பிள்ளை சரியாகத் தூங்காமல், ராத்திரி முழுக்க முழித்திருந்த கண் அது. கோபப்பட முடியவில்லை. தடும இருமல் மூன்று வாரம்வரைகூட இழுக்கும், மூச்சு இளைத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பெரியவர்களுக்கு நான் விற்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. வறட்டு இருமலில் தூக்கம் கெடுகிறவருக்கு நாலைந்து நாள், அளவு மூடியில் ஊற்றி, ராத்திரியில் கொடுத்தால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கலாம். ஆட்டோ ஓட்டுகிறவர் பகலில் குடிக்க வேண்டாம். குடித்துவிட்டு வந்து அதன்மேல் சிரப் குடிக்கிறவருக்கு நான் கொடுப்பதில்லை, சண்டைக்கு வந்தாலும் சரி. ஒண்ணுக்குப் போகச் சிரமப்படுகிற தாத்தாமாருக்குத் குளோர்பெனிரமின் மாதிரித் தூக்கம் தருகிற மருந்து கலந்த சிரப் கொடுத்தால் சுத்தமாக அடைத்துக்கொள்ளலாம். மனசு சரியில்லை என்று மாத்திரை போடுகிறவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானைத் தொடக் கூடாது. ரெண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று உயிருக்கே வம்பாகலாம். ஆனால் நாலு பேர் நிற்கிற கவுண்டரில் அதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? அதனால் இப்போது ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். "போடுத மாத்திரை அட்டை எல்லாத்தையும் போனில போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, என்கிட்ட மட்டும் காட்டுங்க" என்பேன். பேச்சே வேண்டாம்.

ரெண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு பாட்டிலே கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், போய் எடுத்துவிட்டு வாருங்கள். காசநோயாக இருந்து, மாதக்கணக்கில் சிவப்பு மருந்து குடித்துக்கொண்டிருந்தால் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் பரவலாம். பீடி சுற்றுகிற வீடுகளில் இதைச் சொல்வதுதான் ரொம்பச் சிரமம். "தூளு நெடிதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். நானும் அந்தத் தெருவில் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தானே.

முதலாளிக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். பத்துக்கு ஒண்ணு இலவசம் என்று ஸ்கீமில் எடுத்த பாட்டில் அலமாரியிலேயே கிடக்கிறது.

போன வாரம் அம்மா போன் பண்ணினாள். "எய்யா, அந்த செவப்பு மருந்து ஒண்ணு கொண்டா." எனக்கு திக்கென்றது. "எனக்கில்ல. மேல வீட்டு அக்காவுக்கு. ராத்திரியெல்லாம் இருமுதா, பாவம்."

"அவளும் பிரஷர் மாத்திரை போடுதாளா?"

"ஆமா, போடுதா. வெள்ளை மாத்திரை."

அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.