கேள்வி கேட்க முடியாத ஒரு கூட்டம்

யூரோ நாணயம் புழங்கும் நாடுகளின் நிதியமைச்சர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். யூரோகுரூப் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த நெறிமுறையே இதை முறைசாராச் சந்திப்பு என்றுதான் சொல்கிறது. கோடிக்கணக்கான மக்களின் ஓய்வூதியமும் சேமிப்பும் என்ன ஆகும் என்பதைப் பேசி முடிக்கும் இடத்துக்கு இவ்வளவுதான் அந்தஸ்து. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

2013 மார்ச்சில் நெருக்கடியில் சிக்கிய சைப்ரஸ் வங்கிகளை மீட்பதற்கான நிபந்தனைகள் அங்கேதான் முடிவாயின. பாங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு, அந்த வரம்பைத் தாண்டிய தொகையில் 47.5 சதவீதம் வங்கிப் பங்குகளாக மாறிப்போனது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். யூரோகுரூப் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பே அல்ல, அதன்மேல் நஷ்டஈட்டு வழக்கு செல்லாது என்று 2020 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன், ஐரோப்பிய மத்திய வங்கி மீது தொடுத்த வழக்கும் தோற்றது.

கிரீஸ் கதை இன்னும் மோசம். வங்கிகள் மூடிக் கிடந்து, ஏடிஎம்மில் நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாத நேரத்தில், 2015 ஜூலை 5 பொது வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். எட்டே நாளில், பிரஸ்ஸல்ஸில் விடிய விடிய நடந்த உச்சி மாநாட்டில், அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அவர்கள் பிரதமர் சம்மதிக்க வேண்டியதாயிற்று. அந்த மாநாட்டின் அறிக்கையில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: சம்பந்தப்பட்ட துறைகளில் எந்த மசோதாவாக இருந்தாலும், மக்களிடம் கருத்துக் கேட்பதற்கும் நாடாளுமன்றத்தில் வைப்பதற்கும் முன்பே, கடன் கொடுத்த நிறுவனங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். அப்புறம் எதற்கு அந்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள்?

கடன் கொடுத்த ஜெர்மனியின் நிதியமைச்சரும் தன் நாட்டு மக்களுக்குப் பதில் சொல்பவர்தானே என்பார்கள். உண்மை. அது அவர்கள் வரிப்பணம். அவர்கள் நாடாளுமன்றம் ஓட்டெடுத்துத்தான் அனுமதித்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒவ்வோர் அமைச்சரும் ஊருக்குத் திரும்பி, நான் ஒருவன் எடுத்த முடிவா அது என்று சொல்லிவிடலாம். கூடி எடுத்த முடிவுக்குக் கூட்டாகப் பதில் சொல்ல யாரும் கிடையாது.

ஐரோப்பிய கமிஷனையாவது ஐரோப்பிய நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் கலைக்கலாம். அப்படிக் கலைக்கப்படலாம் என்ற நெருக்கடியில்தான் 1999 மார்ச்சில் ழாக் சாண்டேர் தலைமையிலான கமிஷன் மொத்தமாக ராஜினாமா செய்தது. யூரோகுரூப்பையும் அப்படி ஒரு பிடிக்குள் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்தி முறையான அமைப்பாக்குங்கள். தலைவரை நாடாளுமன்றம் விசாரிக்கவும் நீக்கவும் வழி செய்யுங்கள். கூட்டம் முடிந்து தலைவர் எழுதும் சுருக்கக் கடிதம் போதாது. எந்த அமைச்சர் என்ன பேசினார், எதை எதிர்த்தார் என்ற முழுக் குறிப்பும் வெளியே வர வேண்டும்.