பொட்டக் குட்டிக்கும் அதே கணக்கா?
மூணு மாசத்துல செம்மறி ஆட்டுக் குட்டி எல்லாத்தையும் வித்துட்டா தீவனச் செலவு மிச்சம்னு போட்டிருக்கீங்க, கெடாக் குட்டிக்கு சரி, பொட்டைக்குமா? பத்து பதினஞ்சு உருப்படி வச்சிருக்கவங்க கெழட்டு ஆட்ட கழிச்சிட்டு அந்த எடத்துக்கு சந்தையில வாங்கினா ரேட்டும் ஜாஸ்தி, ஆட்டுக்கொல்லி நோயையும் சேத்து பட்டிக்கு ஓட்டிட்டு வர்ற மாதிரி ஆயிரும். நம்மகிட்ட இருக்கறது மேச்சேரி செம்மறி, எந்தப் பொட்டைய விக்காம பட்டியிலயே நிறுத்தறதுன்னு முடிவு பண்ண, குட்டிய பாக்கறதுக்கு முன்னாடி தாய் மடியத்தான் பாப்போம், ரெண்டு காம்புலயும் பால் எறங்குதா, ஈன ஒடனே குட்டிய நக்கி சேத்துக்குதா, இல்லாட்டி அதோட பொட்டை எவ்ளோ அழகா இருந்தாலும் சந்தைக்குத்தான்.

பக்ரீத்துக்கு கெடா வளக்கலாம்னு சொல்ற நண்பருக்கு, பக்ரீத் வருசா வருசம் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துட்டே இருக்கு, ஐப்பசியில பொறந்த குட்டிக்கு போகப்போக வயசு பத்தாது, அதையும் கணக்குல வைங்க. வளத்தா தனியா கட்டுங்க, அஞ்சாறு மாசத்துலயே தாய் தங்கச்சின்னு பாக்காம ஏறிரும், அப்படி சொந்தத்துக்குள்ள பொறக்கறது சோனிக் குட்டியா போயிரலாம்.

அப்புறம் ஒரு தொங்கு தராசு வாங்கி வைங்க சாமி, யாவாரி குட்டியோட இடுப்பப் புடிச்சுப் பாத்து 9 கிலோம்பான், தொங்கவிட்டா 12 காட்டும்.