ஒரே குண்டில் செத்துப்போகும் கேம்

காலேஜ் நாட்களில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட் என்ற போர் கேமை ஆடியிருக்கிறேன். பத்து நிமிடம் புல்லில் ஊர்ந்து போவோம். எங்கிருந்தோ ஒரு குண்டு, அவ்வளவுதான். சுட்டவன் எந்தப் பக்கம் இருந்தான் என்பதுகூடத் தெரியாது. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடுகிற சமாச்சாரமெல்லாம் இதில் நடக்காது. "இதெல்லாம் ஒரு கேமாடா?" என்று நண்பன் சிடியைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

எங்களை விரட்டிய அதே குணம்தான் ராணுவங்களை இழுத்தது. செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் உருவாக்கி 2001-ல் வெளிவந்த கேம் அது. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினை வைத்தே விபிஎஸ் என்ற பயிற்சி மென்பொருளைச் செய்தார்கள். அமெரிக்க மரைன் படை, ஆஸ்திரேலிய ராணுவம், பிரிட்டிஷ் ராணுவம் என்று வாடிக்கையாளர்கள் வந்தார்கள். சிப்பாய்கள் வரிசையாக ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து ஆடுவார்கள். பயிற்றுநர் நினைத்தால் ஆட்டத்தின் நடுவிலேயே எதிரியைக் கொண்டுவந்து இறக்கலாம். செத்தால் நம்மைப் போல ரீஸ்டார்ட் அழுத்திவிட்டுப் போக முடியாது. நடந்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டி, "இங்கே ஏன் வண்டியை நிறுத்தினாய்?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், கேமையும் சிமுலேட்டரையும் பிரிப்பது இந்தக் கேள்விதான்.

கேம் செய்தவர்கள் போருக்கு விலைபோய்விட்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நிஜ ரோட்டில் ஒரு தடவை சாவதைவிட ஸ்க்ரீனில் நாற்பது தடவை செத்துப் பழகட்டுமே.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. 2013-ல் சிமுலேட்டர் பிரிவு தனியாகப் போனது. 2022-ல் பிரிட்டிஷ் ஆயுத நிறுவனமான பிஏஇ சிஸ்டம்ஸ் அதை 20 கோடி டாலருக்கு வாங்கியது. ஆயுதம் விற்பவரே பயிற்சிக்கூடத்துக்கும் முதலாளி! எந்தச் சிக்கலுக்கு எந்த வண்டி தீர்வு என்று அந்த ஸ்க்ரீன் சொல்லிக்கொடுக்கும்போது, அதை முழுசாக நம்ப எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு பக்கம், கேம் பிரிவு 2017-ல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு பேசி, ஆர்மா 3 என்ற தன் போர் கேமுக்குப் போர்ச் சட்டங்கள் பற்றியே ஒரு கூடுதல் பகுதி வெளியிட்டது. கண்ணிவெடி அகற்றுபவராக ஆட வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கைச் சங்கத்துக்கே கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு பழைய கதை. 1980-ல் அடாரி நிறுவனத்தின் டாங்க் கேமான பேட்டில்ஸோன் வந்ததும், பிராட்லி கவச வண்டியில் சுடும் கன்னர்களின் பயிற்சிக்கு அதை மாற்றித் தரச் சொல்லி அமெரிக்க ராணுவத் தரப்பு கேட்டது. அதை எழுதிய எட் ராட்பெர்குக்குத் துளியும் இஷ்டமில்லை. இனி இந்த மாதிரி வேலையை என்னிடம் தரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் முடித்துக் கொடுத்தார். அந்த பிராட்லியை இன்று தயாரிப்பதும் பிஏஇ-தான்.