மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. குமரி மாவட்டத்தில் எந்தச் சபைக் கமிட்டி கூடினாலும் இப்போது பேச்சு இதுதான்: ஸ்டார் எங்கே கட்டுவது, கேரல் எந்தத் தெருவில் தொடங்குவது, ஏழைகளுக்கு என்ன கொடுப்பது. இதில் கடைசி விஷயத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உதவி வாங்குகிறவர்களை ஆராதனை நடுவே பெயர் சொல்லி முன்னால் அழைத்து, கையில் சேலையும் அரிசிப் பையும் கொடுத்து, போட்டோ எடுக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் அதிகமாகக் கொடுங்கள். அழைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

போன வருஷம் ஒரு சபையில் கண்ணால் பார்த்தேன். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற ஒரு அக்கா. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்து வந்தார். போட்டோக்காரர் "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்றதும் நிமிர்ந்தார். அந்தச் சபையின் பாடகர் குழுவில் அவருடைய மகள் நிற்கிறாள், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. அம்மா பெயரை மைக்கில் வாசித்ததில் இருந்து அந்தப் பிள்ளை பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கொடுத்தவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கிறிஸ்துமஸ் இல்லை.

நம் சபைகளில் உதவி இப்படித் தொடங்கவில்லை. பிடி அரிசி ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இருக்கும். என் அம்மா உலை வைத்து அரிசி களையும் முன்னே ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவார். வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் குறையும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் ஆலயத்துக்குப் போகும். பெண்கள் சங்கத்து அக்காமார் ஒன்றாகக் கொட்டி அளப்பார்கள். கொஞ்சம் விற்று நிதியில் சேரும், கொஞ்சம் கஷ்டப்படுகிற வீட்டுக்கு இருட்டினபிறகு போகும். எல்லா வீடும் போட்டது. மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்று, அந்த அரிசியை வாங்கித் தின்ற வீடும், வெட்டு நடக்கிற மாதங்களில் பிடி அரிசி போட்டது. யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று கோடு கிழிக்க முடியாது. கோடு விழக்கூடாது என்பதற்காகவே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு போலத்தான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

அப்படி ஒரு ஏற்பாடு இங்கே வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1806-ல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவர் வரக் காரணமாக இருந்தவர் அந்த ஊர் வேதமாணிக்கம். அங்கே கூடிய முதல் சபை யாருடைய சபை? வரிக்கு மேல் வரி கட்டி, சம்பளம் இல்லாத ஊழியம் செய்து, தோளில் சீலை போடக்கூட உரிமை இல்லாமல் இருந்தவர்களின் சபை. 1859-ல் திருவிதாங்கூர் ராஜாவின் ஆணை வரும்வரை நம் பாட்டிமார் அந்தச் சீலைக்காக அடி வாங்கினார்கள். அதற்கு அப்புறமும் உரிமை முழுசாகக் கிடைக்கவில்லை. இன்னார் கீழே, இன்னார் மேலே என்று ஊரறியக் காட்டுகிற வழக்கத்தில் இருந்து தப்பி வந்து கூடிய ஜனம் நாம். நம் ஆலயத்துக்குள்ளேயே ஒருவரை "இவர் ஏழை" என்று நிற்க வைத்துக் காட்டலாமா?

அந்தக் காலத்து மிஷனெரிமார் செய்த எல்லாமே சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த உதவி ஆளை நிமிர்த்தியது. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் தங்கள் கைவேலைக் கூலியைக் கொண்டே விடுதலை வாங்கியதாக நம் சபை வரலாற்றில் படிக்கிறோம். நெய்யூரில் 1838-ல் தொடங்கிய மருத்துவப் பணியையும் பாருங்கள். எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தையும் அங்கே இருந்த ஒரே சர்ஜனையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். பணம் அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆளாகவே வந்தார்.

இன்றைய தேவைக்கு வருவோம். ரேஷன் கடையில் 2011-ல் இருந்து அரிசி இலவசம். ஐந்து கிலோ அரிசிப் பை இன்றைக்கு எந்த வீட்டின் பசியையும் தீர்க்கப் போவதில்லை. போட்டோவில் நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர அதற்கு என்ன அவசியம்? தேவை வேறு இடத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போகிறவருக்கு வண்டிக் கூலியும், கூட நிற்க ஒரு ஆளும் வேண்டும். வாரா வாரம் குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்காருகிற வீடு இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் வளைகுடாவில், மாடி வீட்டில் தனியாகக் கிடக்கிற பாட்டாவும் பாட்டியும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு தேவையே இல்லை, மாத்திரை வாங்கிவந்து கொடுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் போதும். இதை எதையும் போட்டோ எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ கமிட்டியின் கண்ணிலும் படுவதில்லை.

சாவு வீட்டில் மட்டும் நாம் இன்னும் சரியாக இருக்கிறோம். ஆலய மணி அடித்த கொஞ்ச நேரத்தில் பையன்மார் பெஞ்சும் நாற்காலியும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கூட்டம், பந்தலுக்கு ஒரு கூட்டம், பக்கத்து வீட்டில் கஞ்சி கொதிக்கிறது. யாரும் யாரையும் கூப்பிட்டு மாலை போடுவதில்லை. செய்தவர் யார் என்று அந்த வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது.

கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளைப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்ற பட்டியலைத் தூத்தூர் பக்கத்துப் பங்குகள்தான் வீடு வீடாகத் திரட்டின. அரசு சொன்ன கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. அந்தப் பட்டியல் அவர்களால் ஏன் போட முடிந்தது? ஞாயிறு பூசையில் எந்த வீட்டு ஆள் எந்த இடத்தில் நிற்பார் என்று தெரியும். அன்பியம் என்கிற பக்கத்து வீடுகளின் ஜெபக் கூட்டத்தில் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஜெபித்த பழக்கம் உண்டு. வழிபாடு தனி, உதவி தனி என்று இருந்திருந்தால் இந்தத் தகவல் யாரிடமும் இருந்திருக்காது. 2004 டிசம்பர் 26-ம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் உள்நாட்டுச் சபைகளில் இருந்து சோறும் துணியும் போனபோது, சி.எஸ்.ஐ.யா ஆர்.சி.யா என்று யாரும் கேட்கவில்லை. இந்து வீட்டு, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் கூடவே பொட்டலம் கட்டினார்கள். நம் உதவியும் சபை அங்கத்தினர் புத்தகத்தோடு நிற்கக்கூடாது. தெருவில் இருக்கிற எல்லா வீடும் கணக்கில் வர வேண்டும்.

இதைச் சொன்னால் கமிட்டியில் இரண்டு மறுப்பு வரும். கணக்கு காட்ட வேண்டாமா என்பது ஒன்று. கட்டாயம் காட்டுங்கள். இத்தனை வீடு, இத்தனை ரூபாய் என்று ஆண்டறிக்கையில் போடுங்கள். பெயர்கள் போதகர் ஐயாவுக்கும், பொருளாளருக்கும், பெண்கள் சங்கத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும். போட்டோ போட்டால்தான் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் அனுப்புவார்கள் என்பது இன்னொன்று. இதில் உண்மை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனுஷியின் முகத்தைக் காட்டி வாங்கும் பணத்தை விட, கொஞ்சம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை. குறையவும் வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஏத்தன் வாழைக் குலையை ஒருவர் ஏலம் எடுத்து, "ஆலயத்துக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்து, அதே குலை மறுபடியும் ஏலத்துக்கு வரும். மரச்சீனியும் தேங்காயும் சேவலும் போட்டி போட்டு விலை ஏறும். அந்தப் பணத்தில் பாதியை உதவி நிதிக்கு என்று முதலிலேயே தீர்மானம் எழுதி வைத்துவிட்டால் போதும். இப்போது அது முழுசாகக் கோபுர வேலைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் போகிறது. கோபுரம் ஒரு வருஷம் பொறுக்கும். கீமோ பொறுக்காது.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஆதிச் சபையில் வந்த முறுமுறுப்பு எதைப் பற்றி? அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், சில விதவைகள் விட்டுப்போனதைப் பற்றி. அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். நற்சாட்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். அந்த விதவைகள் ஒருவருடைய பெயரும் அங்கே எழுதப்படவில்லை.

எங்கள் சபைக் கமிட்டி வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து கூடுகிறது. மேலே சொன்னதை எழுத்தில் கொடுக்கிறேன். உங்கள் சபையில், பங்கில், இரட்சணிய சேனையில் இதை வேறு விதமாகச் செய்கிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள், கமிட்டியில் எடுத்துச் சொல்ல உதவும். முன்னால் நின்று வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.