கடைசி ஆள் வரும்வரை மேசை நிற்கட்டும்

மெதுவாக மாரத்தான் ஓடுகிறவர்களுக்கென்று முகநூலில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது. "வேகம் முக்கியமில்லை, முடித்ததே சாதனை." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். எழுதுகிறவர்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியதெல்லாம் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்.

முழு மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதை நான் ஆறு மணி நேரத்தை ஒட்டி முடிக்கிறவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. வங்கி வேலை. எங்கள் குடும்பத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு எதற்கும் யாரும் ஓடியதில்லை. வார நாட்களில் விடிவதற்குள் பெசன்ட் நகர் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம். "இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்தால் வேகம் கூடும் மேடம்" என்று குழுவில் இளையவர்கள் ஆறுதல் சொல்வார்கள். கூடியது தம்பி. கூடித்தான் ஆறு மணி நேரம்.

மெதுவாக ஓடுவது ஏதோ சலுகை விலையில் ஓடுவது போல ஒரு நினைப்பு பலருக்கும் இருக்கிறது. உடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓட்டத்தில் சுமந்து செல்ல ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. அறுபது கிலோ ஆளுக்கு முழுத் தூரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரி. 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதே தூரத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் உடலும் என் உடலும் செலவழிப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் இரண்டு மணி நேரத்தில் கட்டி முடித்த தொகையை நான் ஆறு மணி நேரம் தவணையில் கட்டுகிறேன்.

சென்னையில் அந்தத் தவணைக்கு வெயிலை வட்டியாகக் கட்ட வேண்டும். இங்கே முழு மாரத்தானை ஜனவரியில், விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குவது அதனால்தான். சூரியன் ஆறரை மணி வாக்கில் எழுகிறது. மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிறவர் பெரும்பாலும் இருட்டிலேயே ஓடி, ஏழரைக்கெல்லாம் பதக்கத்தோடு பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் அப்போது இருபத்தைந்தாவது கிலோமீட்டரை எட்டிப் பார்த்திருப்பேன். மிச்ச ஓட்டம் முழுக்க வெயிலில்தான். போதாததற்குக் கடற்கரை ஊரின் ஈரக் காற்று. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது அது ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டிக் காலணிக்குள் போகிறது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் ஒவ்வொரு அடிக்கும் காலுறை சளக் சளக்கென்று சத்தம் போடும். ஆக, வெயில் ஏற ஏறத்தான் தண்ணீர் அதிகம் தேவை. ஆனால் பல போட்டிகளில் வெயில் ஏறத் தொடங்கும்போதே வழியில் தண்ணீர் வைத்திருக்கும் மேசையை மடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

நகரத்துக்கு வெளியே நடந்த ஒரு போட்டியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஏழு மணி நேரம் கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்க வேண்டிய கெடு, என்று இணையதளத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். நான்கு மணிக்குத் தொடங்கிய ஓட்டத்தில் ஏழு மணி நேரக் கணக்குக்கு முப்பத்து மூன்றாவது கிலோமீட்டர் மேசை ஒன்பதரை வரைக்குமாவது இருந்தாக வேண்டும். நான் அங்கே போனபோது மணி எட்டே முக்கால். பையன்கள் இரண்டு பேர் தண்ணீர் கேன்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசை கால் மடங்கிக் கிடந்தது. சாலை நெடுகக் காகிதக் கோப்பைகள் நசுங்கிக் கிடந்தன. எனக்கு முன்னால் போனவர்கள் எவ்வளவு குடித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

"ஆன்ட்டி, வண்டியில் ஏறிக்கொள்கிறீர்களா? பின்னால் யாரும் இல்லை."

பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், சர்க்கரை நோய் வந்தபின் ஓட ஆரம்பித்த ஒருவர், புடவையில் ஓடும் ஓர் அக்கா, அவர்களுக்கும் பின்னால் இன்னும் சிலர். பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வந்து நின்ற கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள். எட்டரைக்கு மூடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மூடிவிட்டார்கள். சொன்னவர் எங்கோ மேடையில் பரிசளித்துக்கொண்டிருந்தார்.

அலைபேசி உறைக்குள் ஒரு நூறு ரூபாய் வைத்திருப்பேன். அடுத்த ஊர் பெட்டிக்கடையில் தண்ணீரும் இரண்டு மோர் பாக்கெட்டும் வாங்கினேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரம்மா உன்னை இப்படி விரட்டுவது?" என்று கேட்டார். பின்னால் வருகிறவர்களுக்கும் மோர் கொடுங்கள் என்று மீதிச் சில்லறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நுழைவுக் கட்டணத்தை வேகமாக ஓடுகிறவர்களோடு சமமாகக் கட்டிவிட்டு, தண்ணீருக்குத் தனியாகக் கட்டுகிற கூட்டம் நாங்கள்தான்.

இதில் சொகுசுக் குறையைத் தாண்டி ஓர் ஆபத்தும் இருக்கிறது. முதலில் தீர்ந்துபோவது உப்பு தடவிய ஆரஞ்சுச் சுளை. அடுத்து எலக்ட்ரோலைட் என்கிற உப்புச்சத்து கலந்த பானம். கடைசியில் இருந்தால் வெறும் தண்ணீர். நீண்ட நேரம் சாலையில் இருப்பவர் அந்த வெறும் தண்ணீரை மட்டுமே வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உப்புச்சத்தான சோடியம் இறங்கும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததாக 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை வந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், குடித்துக் குடித்து ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களுக்கும் அந்த அபாயம் அதிகம். குறைவாகக் குடித்தால் ஒரு வம்பு, கூடுதலாகக் குடித்தால் இன்னொரு வம்பு. அளவோடு குடிக்க வேண்டுமானால் அடுத்த மேசை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அது அங்கே இருக்கவும் வேண்டும். இல்லாமல் போகலாம் என்ற பயத்தில் இருக்கிற இடத்தில் நான்கு தம்ளரைக் கவிழ்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. 2019 லண்டன் மாரத்தானில் ஏழரை மணி நேரக்காரர்களை அழைத்துப்போக நிர்வாகமே நியமித்த பேஸர், சாலையைச் சுத்தம் செய்யும் ஆட்களும் வண்டிகளும் தன் குழுவைப் பின்னாலிருந்து நெருக்கியதையும், உடல் பருமனைச் சொல்லிக் கேலி பேசியதையும் வெளியே சொன்னார். பெரிய செய்தியாகி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. பணமும் அனுபவமும் உள்ள இடத்திலேயே இப்படி.

ஆனால் ஹவாய்த் தீவின் ஹொனலுலுவைப் பாருங்கள். சென்னையைப் போலவே கடலும் புழுக்கமும் உள்ள ஊர். 1973இல் தொடங்கிய மாரத்தான் அது. இதய நோயாளிகளை நீண்ட தூரம் ஓடப் பழக்கிய ஜாக் ஸ்காஃப் என்ற மருத்துவர் அதன் தொடக்கக் காலத் தூண்களில் ஒருவர். இருட்டு விலகாத ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது. கட்-ஆஃப் கிடையாது. கடைசி ஆள் எப்போது வருகிறாரோ அப்போதுதான் கணக்கு முடிகிறது. யாருக்காக நடத்துகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டவர்களின் போட்டி என்று எனக்குத் தோன்றும்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டப் போட்டி நேர் எதிர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே தொண்ணூறு கிலோமீட்டரைத் தொடும் மலைப்பாதை. முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக விக் கிளாஃபம் என்பவர் 1921இல் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரம் கெடு. நேரம் முடிகிற விநாடியில், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். கோட்டுக்கு ஓரடி முன்னால் இருந்தாலும் பதக்கம் இல்லை. பார்க்கவே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் எனக்கு அந்தப் போட்டியின் மேல் மரியாதை அதிகம். கடைசி ஒரு மணி நேரத்தில், அதாவது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு விக் கிளாஃபத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தொடங்கி வைத்தவரின் பெயர் வெற்றியாளருக்குப் போகவில்லை, கடைசிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. கெடு நேரத்துக்குள் முடிக்கப் பேஸர் ஒருவரின் பின்னால் திரண்டு வரும் கூட்டத்தை அங்கே "பஸ்" என்கிறார்கள். எனக்குப் பிடித்த பஸ் அது, நின்றுதான் ஏற வேண்டும் என்பதில்லை.

ஆகவே கட்-ஆஃப் கூடாது என்பது என் வாதம் அல்ல. சாலையை நண்பகல் வரை அடைக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஞாயிறு காலையில் மெரினாப் பக்கம் மீன் வாங்கவும் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களுக்கு என் பதக்கத்தால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. காவல்துறை கொடுத்த நேரத்துக்குமேல் ஏற்பாட்டாளர் நீட்டவும் முடியாது. முடியாதென்றால் முடியாதென்று போட வேண்டும். ஆறு மணி நேரம்தான் என்றால் ஆறு என்று அச்சடியுங்கள், நான் வேறு போட்டி பார்த்துக்கொள்கிறேன் அல்லது அரை மாரத்தானில் சேர்ந்துகொள்கிறேன். ஏழு என்று போட்டால் அதிக ஆட்கள் பதிவு செய்வார்கள், அவர்களில் பாதிப் பேர் எப்படியும் வெயிலில் விட்டுவிடுவார்கள் என்ற கணக்குதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களைப் போன்றவர்களை அரை மணி நேரம் முன்பாகக் கிளப்பிவிடலாம். மூன்றரைக்கு வரச் சொன்னாலும் வருவோம். வேகமானவர்கள் எங்களைக் கடந்து போவதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, பழகிப்போன விஷயம்.

"உங்களுக்கெல்லாம் எதற்கு முழு மாரத்தான்?" என்று நேரடியாகக் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 1967இல் பாஸ்டனில் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுப் பதிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, பெண் என்று தெரிந்ததும் போட்டி அதிகாரி ஒருவர் ஓடிவந்து பிடித்து இழுத்தார். அவர் விடுபட்டு ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான், நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு. யாருக்கு இந்தத் தூரம் லாயக்கு என்று சாலையோரம் நின்று தீர்ப்புச் சொன்னவர்களின் பட்டியல் மிக நீளம். அதில் இன்னொரு பெயர் சேர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த ஆண்டு பதிவு செய்வதற்கு முன்னால் சில போட்டிகளின் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் மேசை எத்தனை மணி வரை இருக்கும், அதில் உப்பு இருக்குமா, அதை மூடும் முடிவை எடுப்பவர் யார்? பெரும்பாலானவர்களிடமிருந்து "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, முன்பதிவுச் சலுகை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது" என்ற வகைப் பதில் வந்தது. ஒன்றில் மட்டும் கேட்டதற்குப் பதில் இருந்தது. பத்தரை வரை, உப்பும் வாழைப்பழமும் உண்டு, கடைசி ஓட்டக்காரரோடு சைக்கிளில் வரும் தன்னார்வலர் கையைக் காட்டிய பிறகுதான் மூடுவோம். கீழே அந்தப் பொறுப்பாளரின் அலைபேசி எண்ணும் இருந்தது. அங்கே பதிந்துவிட்டேன். ரயில்வே பெரியவருக்கும் புடவை அக்காவுக்கும் சேர்த்து.